‘வளர்ந்துவிட்டேன்’ என்று பொய் எழுதட்டுமா?

மொரிஷியஸின் தென்பகுதியிலிருந்து ஒரு முதலாண்டு மாணவி எழுதிய கடிதம் இது. நீளம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

“வணக்கம் மிஸ். கல்லூரியில் முதல் செமஸ்டரில் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி எங்களுக்குக் கட்டாயப் பாடம். நான்கு கட்டுரைகள் எழுதினோம். முதலாவது சொந்த அனுபவம். அதற்கு 54 வாங்கினேன். கடைசிக் கட்டுரை நூலகத்தில் தேடிப் படித்து, சான்று காட்டி வாதிட வேண்டியது, அதற்கு 57. பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில் ஜெனரல் பேப்பர் என்ற ஆங்கிலத் தேர்விலும் தமிழிலும் நல்ல மதிப்பெண் எடுத்தவள் நான். இங்கே வந்ததும் எழுதத் தெரியாதவள் ஆகிவிட்டேன். கொடுக்கும் தாளெல்லாம் ஓரம் முழுக்கக் கேள்வியோடு திரும்பி வருகிறது. ‘எந்த ஆதிகாலம்?’, ‘அதனால் என்ன?’ என்றெல்லாம் லெக்சரர் எழுதுகிறார். படிக்கவே அவமானமாக இருக்கிறது. இப்போது கடைசி வேலையாக, எழுதிய எல்லாவற்றையும் டிராஃப்டுகளோடு தொகுத்து, ‘இந்தப் பாடத்தில் நான் எப்படி வளர்ந்தேன்’ என்று 1,000 வார்த்தையில் ஒரு கட்டுரையும் தர வேண்டும். வளர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வளர்ந்தேன் என்று பொய் எழுதட்டுமா? இன்னொன்று. நான் முதலில் நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலும் தமிழும் கலந்து எழுதிவிட்டுத்தான் ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன். இதை வெளியே சொன்னால் தப்பாக நினைப்பார்களா? அடுத்த செமஸ்டரில் விருப்பப் பாடமாகப் படைப்பெழுத்து எடுக்கலாமா, அலுவலக அறிக்கை எழுதும் பாடம் எடுக்கலாமா? சர்க்கரை ஆலை பற்றிய என் கடைசிக் கட்டுரையின் முதல் டிராஃப்டையும் இறுதி டிராஃப்டையும் இணைத்திருக்கிறேன்.”

பொய் எழுத வேண்டாம். ஒழுக்கம் கருதி மட்டும் சொல்லவில்லை, அந்தப் பொய் எடுபடாது. செமஸ்டர் முடியும்போது உங்கள் லெக்சரரின் மேசையில் இந்தக் கட்டுரைகள் கட்டுக்கட்டாக வந்து குவியும். “முன்பெல்லாம் கட்டுரை என்றாலே எனக்குப் பயம். இந்தப் பாடம் என் கண்ணைத் திறந்தது. இன்று தன்னம்பிக்கையோடு எழுதுகிறேன்.” இந்த அச்சில் வார்த்ததுதான் பெரும்பாலும் இருக்கும். பல வருடம் இவற்றைத் திருத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும். முழுக்கப் படித்தாலும் அந்தப் பிள்ளை எதை எழுதினாள், எங்கே திணறினாள் என்று ஒன்றும் விளங்காது. இப்போது சாட்ஜிபிடியும் கேட்ட மாத்திரத்தில் இதே கதையை எழுதித் தருவதால் அது இன்னும் மலிந்துவிட்டது.

ஆனால் நீங்கள் வளரவில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் இரண்டு டிராஃப்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மதிப்பெண் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 54 வாங்கியது உங்களுக்கு நடந்ததைச் சொல்லும் கட்டுரை. 57 வாங்கியது, பிறர் எழுதியதைப் படித்து, எடைபோட்டு, உங்கள் வாதத்தை அதில் நிறுத்த வேண்டிய கட்டுரை. இரண்டும் ஒரே வேலையில்லை. கட்டுரைப் பயிற்சிப் பாடங்களை வேண்டுமென்றே அப்படித்தான் அமைப்பார்கள். ஒவ்வொரு கட்டுரையும் முந்தியதைவிடக் கடினமாக இருக்கும். கடினமான வேலையில் மூன்று மதிப்பெண் கூடியிருக்கிறது என்றால் நீங்கள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் அந்த எண்ணில் தேட ஒன்றுமில்லை.

எச்.எஸ்.சி. பெருமையையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். ஜெனரல் பேப்பரில் கட்டுரைத் தாளுக்கு ஒன்றேகால் மணி நேரம். 600 முதல் 700 வார்த்தை. எழுதிக் கொடுத்தால் தாள் போனது போனதுதான், திரும்பி வராது. அந்தத் தேர்வுக்கு நம் ஊர் டியூஷன்களில் எப்படித் தயார் செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். முன்னுரைக்கு நாலு மாதிரி, இரு பக்கமும் பேச மூன்று பத்தி, முடிவுரைக்கு ஒரு பொது வாக்கியம். அது ஒரு திறமைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது ஒரே மூச்சில் எழுதும் திறமை. எழுதியதை நாலு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, “இதையா நான் சொல்ல வந்தேன்?” என்று கேட்கும் வழக்கத்தை அந்தத் தேர்வு யாருக்கும் கற்றுத் தருவதில்லை, அதற்கு அங்கே நேரமும் கிடையாது. கல்லூரிப் பாடத்தில் முதன்முதலாகத் தாள் உங்கள் கைக்கே திரும்பி வந்தது. அதைத்தான் நீங்கள் அவமானம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் சர்க்கரை ஆலைக்கு வருவோம்.

முதல் டிராஃப்டின் முதல் வரியைத் தமிழில் தருகிறேன்: “ஆதிகாலம் தொட்டே மொரிஷியஸ் மக்களின் வாழ்வில் சர்க்கரை முக்கிய இடம் வகித்து வருகிறது.” ஓரத்தில் லெக்சரர் “எந்த ஆதிகாலம்?” என்று கேட்டிருக்கிறார். கிண்டலாக உங்களுக்குப் பட்டது. எனக்கோ நியாயமான கேள்வியாகப் படுகிறது. டச்சுக்காரர்கள் 1638-ல் வந்து குடியேறும் வரை இந்தத் தீவில் மனிதர் யாரும் நிலையாகக் குடியிருக்கவில்லை. கரும்பை ஜாவாவிலிருந்து அவர்கள் கொண்டுவந்ததே அதற்கு அடுத்த ஆண்டில்தான். நம் தீவுக்கு ஆதிகாலமே கிடையாது! வேறு எந்த நாட்டிலும் தப்பித்துக்கொண்டிருக்கக்கூடிய வரி, இங்கே வரலாற்றுப் பிழையாகிவிட்டது. யோசிக்காமல் கை தானாக எழுதும் வரிகளில் இப்படித்தான் நடக்கும்.

இறுதி டிராஃப்ட் இப்படித் தொடங்குகிறது: “ஆலையை மூடியபோது என் தாத்தாவுக்குப் பணமும் ஒரு துண்டு நிலமும் கொடுத்தார்கள். அந்த நிலத்தில் இன்று என் சித்தப்பா வீடு கட்டியிருக்கிறார். அதனால் ஆலை மூடியது எங்கள் குடும்பத்துக்கு நஷ்டமா என்று கேட்டால் எனக்கு உடனே பதில் வருவதில்லை.”

இரண்டையும் எழுதியவர் ஒருவர்தானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. முதல் டிராஃப்டில் முடிவு முதலிலேயே தயார்: ஆலைகளை மூடியது தவறு, வேலை போனது, கிராமம் நலிந்தது. இறுதி டிராஃப்டில் கேள்வியே மாறிவிட்டது: மூடியதில் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை?

இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். முதல் டிராஃப்டின் மூன்றாம் பக்கத்தில் அடியில் ஒரு வரி இருக்கிறது: “ஆலை வாசலில் வியாபாரம் செய்தவர்களும் பாதிக்கப்பட்டனர்.” லெக்சரர் அதற்குக் கீழே கோடு போட்டு “யார்? எப்படி?” என்று கேட்டிருக்கிறார். அந்த “யார்” உங்கள் பாட்டி. லாகூப் என்னும் கரும்பு வெட்டுக் காலத்தில், ஜூன் தொடங்கி டிசம்பர் வரை, ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் தோல்பூரி என்ற பருப்பு ரொட்டிக் கூடையோடு வாசலுக்குப் போய் உட்கார்ந்த பாட்டி. அவர் ஆலையின் சம்பளப் பட்டியலில் இல்லாததால் பணமும் இல்லை, நிலமும் இல்லை. ஒரே வீட்டில் தாத்தாவுக்கு நிலம் வந்தது, பாட்டிக்கு வியாபாரம் போனது. இறுதி டிராஃப்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். கட்டுரையின் உயிர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை எழுதிய பிறகுதான் “ஆலை மூடியது தவறு” என்ற பழைய முடிவு உங்களுக்கே போதாமல் போயிருக்க வேண்டும். அதனால்தான் திரும்பி வந்து முதல் பத்தியையும் மாற்றியிருக்கிறீர்கள்.

நான்சி சோமர்ஸ் என்ற ஆய்வாளர் 1980-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கட்டுரைப் பயிற்சி நடத்துபவர்கள் எல்லாரும் அறிந்தது. அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டு மாணவர் 20 பேர், பத்திரிகை, பதிப்பு, கல்வித் துறைகளில் எழுதிப் பழகிய பெரியவர் 20 பேர். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரை எழுத வேண்டும், ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருத்தி எழுத வேண்டும். மாணவர்கள் திருத்தம் என்றால் வார்த்தை மாற்றுவது என்றே நினைத்தார்கள். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் ஒன்றை எடுத்துவிட்டு வேறு சொல் போட்டார்கள். பழகியவர்களோ முதல் டிராஃப்டில் தாங்கள் சொல்ல வந்தது என்ன என்பதையே அப்போதுதான் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்காகப் பத்திகளைத் தூக்கி எறியவும் கட்டுரையைத் தலைகீழாகப் புரட்டவும் அவர்கள் தயங்கவில்லை. பாட்டியின் ஒரு வரியைப் பக்கமாக்கி, அதற்காக முதல் பத்தியையும் மாற்றினீர்களே, அந்த ஒரு இடத்திலாவது நீங்கள் இரண்டாவது கூட்டத்தாரின் பழக்கத்துக்கு வந்துவிட்டீர்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நான்கு கட்டுரைகளின் முதல் டிராஃப்டையும் இறுதி டிராஃப்டையும் அச்செடுங்கள். சொல், எழுத்து, நிறுத்தக்குறி மாறிய இடங்களை ஒரு நிறப் பென்சிலால் குறியுங்கள். விஷயமே சேர்ந்த, போன, இடம் மாறிய, கருத்துத் திரும்பிய இடங்களை இன்னொரு நிறத்தால் குறியுங்கள். முதல் கட்டுரையில் இரண்டாவது நிறம் கிட்டத்தட்ட இருக்காது என்பது என் ஊகம். சர்க்கரை ஆலைக் கட்டுரையில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பார்த்துவிட்டேன். நீங்கள் எழுத வேண்டிய கட்டுரைக்கு அந்தத் தாள்களைவிட நல்ல சான்று வேறில்லை. பழைய டிராஃப்டை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதும் பழக்கமா? கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாறு என்ற இடத்தில் பழையதெல்லாம் இருக்கும், அங்கே போய் எடுங்கள்.

சரி, அப்புறம் ஏன் 57 தான்? அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டுரையின் நடுவில் இரண்டு பக்கம் ஐரோப்பியச் சர்க்கரைச் சந்தை பற்றி வருகிறது. நம் சர்க்கரையை உறுதியான விலைக்கு ஐரோப்பா வாங்க 1975-ல் வந்த ஒப்பந்தம், 2006-ல் தொடங்கி நான்கு வருடத்தில் 36 சதவீத விலைக் குறைப்பு, 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் உற்பத்தி ஒதுக்கீட்டை நீக்கியது. எல்லாம் சரியான தகவல். ஆனால் தாத்தாவின் ஆலை எந்த ஆண்டு மூடப்பட்டது என்பது கட்டுரையில் எங்குமே இல்லை! ஆலைகளை ஒன்றிணைத்துக் குறைக்கும் அரசுத் திட்டம் 1997-லேயே வந்துவிட்டது. உங்கள் ஆலை 2006-க்கு முன்னால் மூடப்பட்டிருந்தால் விலைக் குறைப்பை அதற்குக் காரணமாகக் காட்ட முடியாது. பின்னால் என்றால் காட்டலாம். அந்த ஒரு ஆண்டைத் தாத்தாவிடம் கேட்டு எழுதியிருந்தால் நடுப் பகுதி முழுக்கக் கதையோடு ஒட்டியிருக்கும். இப்போது அது நூலகத்திலிருந்து எடுத்து வந்து வைத்தபடியே இருக்கிறது. லெக்சரர் அங்கேதான் “அதனால் என்ன?” என்று எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விக்கு “உங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று பொருள் இல்லை. இந்தத் தகவலைத் தாத்தாவோடு கோத்துக் காட்டுங்கள் என்று கேட்கிறார்.

எச்.எஸ்.சி.யில் தமிழ் படித்தவர் என்பதால் ஒன்று கேட்கிறேன். நன்னூலில் பவணந்தி முனிவர் சொன்ன பத்துக் குற்றங்கள் கண்ணில் பட்டிருக்கிறதா? குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை என்று போகும். 13-ஆம் நூற்றாண்டில் எழுதியது. உங்கள் தாள்களின் ஓரக் குறிப்புகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் நேரே இதில் எது பொருந்துகிறது என்று எழுதிப் பாருங்கள். “அதனால் என்ன?” என்பது நின்று பயன் இன்மை. ஐரோப்பியச் சந்தைக்குப் போய் இரண்டு பக்கம் திரும்பி வராதது மற்றொன்று விரித்தல். “யார்? எப்படி?” என்று கேட்ட இடம் குன்றக் கூறல். உங்கள் லெக்சரருக்கு நன்னூல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இருவரும் ஒரே இடத்தில்தான் விரல் வைக்கிறார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறபோது இதெல்லாம் பட்டியலாகத்தான் தெரியும், சொந்த டிராஃப்டின் மேல் வைத்துப் பார்த்தால்தான் எதற்குச் சொன்னார்கள் என்பது புரியும். ஓரக் குறிப்புகள் மேல் உங்களுக்கு இருக்கும் கோபமும் இதில் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

சென்று தேய்ந்து இறுதலுக்கும், அதாவது போகப்போக வலுவிழந்து முடிவதற்கும், உதாரணம் வைத்திருக்கிறீர்கள். கடைசிப் பத்தியில் “ஆகவே அரசும் மக்களும் கைகோத்துப் பாடுபட வேண்டும்” என்ற பொருளில் ஒரு வாக்கியம். பள்ளித் தமிழ்க் கட்டுரையின் முடிவுரையிலிருந்து கப்பலேறி, எத்தனையோ திருத்தங்களிலிருந்து தப்பிப் பிழைத்து வந்திருக்கிறது. பாட்டியின் கூடையில் முடிந்திருக்க வேண்டிய கட்டுரை அது. எதற்காகக் கைகோப்பது?

ஆங்கிலப் பிழைகளைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இறந்தகால விகுதி விட்டுப்போன வினைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். சந்தைப் பகுதியில் அநேகமாக இல்லை. தாத்தா, பாட்டி பகுதியில் வரிக்கு ஒன்று. காரணம் எளிது. கிரியோலில் காலத்துக்காக வினைச்சொல் உருமாறாது. முன்னால் ‘தி’ போட்டால் நடந்து முடிந்தது, ‘பே’ போட்டால் நடந்துகொண்டிருப்பது, ‘பு’ போட்டால் இனி நடக்கப்போவது. வினை அப்படியே இருக்கும். தாத்தாவைப் பற்றி நீங்கள் கிரியோலில் நினைத்திருக்கிறீர்கள், எழுதும்போது ‘தி’ மட்டும் உதிர்ந்துபோய் வெறும் வினை தாளுக்கு வந்துவிட்டது. பிழைக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை மினா ஷாக்னெஸி என்ற ஆசிரியர் 1970-களிலேயே காட்டியிருக்கிறார். நியூயார்க் சிட்டி காலேஜில் 1970-ல் சேர்க்கை விதிகளைத் தளர்த்தி, பள்ளியில் சரியாக எழுதப் பழகாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்துப் படித்து, அலட்சியம் என்று மற்றவர்கள் தள்ளிய பிழைகளுக்குப் பின்னால் ஒவ்வொரு மாணவரும் வைத்திருந்த விதி என்ன என்று அவர் தேடினார்.

நீங்களும் அதைச் செய்யுங்கள், சிறிய அளவில். நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பிழை வகைகளில் மூன்றை மட்டும் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் எழுத வேண்டாம், பட்டியல் நீண்டால் பார்க்கவே மாட்டீர்கள். தாள் கொடுப்பதற்கு முந்திய நாள் அந்த மூன்றுக்காக மட்டும் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். அதிலும் மனசுக்கு நெருக்கமான பகுதியை இரண்டு முறை. புதிதாக ஒன்றை யோசிக்கும்போது இலக்கணம் கொஞ்சம் நழுவத்தான் செய்யும். பாட்டியின் பக்கத்தில் பிழை கூடியிருப்பதைப் பார்த்து அந்தப் பக்கத்தையே நீக்கிவிடாதீர்கள்.

இப்போது அந்த மொழிக் கேள்வி. கிரியோலும் தமிழும் கலந்து முதலில் எழுதுவதைத் தாராளமாகச் சொல்லுங்கள். வீட்டில் கிரியோல், கையில் பிரெஞ்சுப் பத்திரிகை, வகுப்பில் ஆங்கிலம், கோவிலில் தமிழ் என்று வளர்கிற ஊரில் ஒரே மொழியில் யோசிக்கும் பிள்ளையைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எது எந்தக் கட்டம் வரை என்பதில்தான் கவனம் வேண்டும். விஷயத்தைக் கொட்டும்போது எந்த மொழி வருகிறதோ அதில் கொட்டுங்கள். அதன் பிறகு அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆங்கிலத்தில் புதிதாக ஆரம்பியுங்கள். வரிக்கு வரி மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் நான்காம் பக்கமே சாட்சி. பாட்டி விடியலில் எழுந்து, பருப்பை வேகவைத்து, அரைத்து, மாவில் வைத்துத் தேய்த்து, சுட்டு, கூடையில் அடுக்கி, ஆலைக்கு நடந்தாள். தமிழில் எச்சம் எச்சமாக அடுக்கி ஒரே முற்றில் முடித்தால் அழகாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அதே வாக்கியம் ‘அண்ட், அண்ட்’ என்று மூச்சு வாங்குகிறது. அங்கே மூன்றாக உடைத்திருக்க வேண்டும்.

சொன்னால் தப்பாக நினைப்பார்களா என்ற பயத்துக்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் யோசித்தால்தான் ஆங்கிலம் வரும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கட்டுரை கற்பிக்கும் துறையில் இன்று அந்தக் கருத்துக்கு முன்போல ஆதரவு இல்லை. உங்கள் தொகுப்பில் அந்தக் கலப்பு டிராஃப்டிலிருந்து ஒரு பக்கத்தைச் சேர்த்துவிட்டு, எங்கே அது உதவியது, எங்கே கெடுத்தது என்று ஒரு பத்தி எழுதினீர்கள் என்றால் லெக்சரர் அதை ஆர்வமாகப் படிப்பார். எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த 1,000 வார்த்தையை எப்படிப் பிரிப்பது? நானாக இருந்தால் பாதியைப் பாட்டியின் வரிக்கே கொடுத்துவிடுவேன். “முதல் டிராஃப்டில் என் பாட்டி பெயரில்லாத ஒரு கூட்டத்தில் இருந்தார். ‘யார்?’ என்று ஓரத்தில் கேட்ட பிறகுதான் அவரைத் தனியே எழுதினேன். எழுதிய பிறகு என் முதல் பத்தி எனக்கே பொய்யாகப் பட்டது” என்று ஆரம்பிக்கலாம், உங்கள் வார்த்தையில். இரண்டு டிராஃப்டிலிருந்தும் வரிகளை அப்படியே எடுத்துக் காட்டுங்கள். அடுத்து, இன்னும் கைவராதது ஒன்று: தகவலைக் கதையோடு கோப்பது. அதை மறைக்காமல் எழுதுங்கள், தாத்தாவிடம் ஆண்டைக் கேட்டு வந்து திருத்திய அந்தப் பத்தியையும் கூடவே வையுங்கள். நேரம் இருக்கிறது, அவர் பக்கத்து அறையில்தானே இருக்கிறார்.

லெக்சரர் சொல்லியும் நீங்கள் ஏற்காத குறிப்பு ஒன்று உண்டு. ஆலையில் சாறு காய்ச்சும் மணம் ஊர் முழுக்க வீசியதைப் பற்றிய வரிக்குப் பக்கத்தில் “தேவையா?” என்று கேட்டிருக்கிறார். நீங்கள் விட்டுவைத்திருக்கிறீர்கள். அடமா, காரணத்தோடா? காரணம் இருந்தால் எழுதுங்கள். எனக்குத் தோன்றும் காரணம் இது: ஆலை மூடிய பிறகு அந்த மணம் இல்லை என்று பாட்டி சொல்வதாக அடுத்த பக்கத்தில் வருகிறது, முதலில் மணத்தைச் சொல்லாவிட்டால் அது நிற்காது. சொன்னதையெல்லாம் கேட்டு மாற்றுவது பயந்த பிள்ளையின் வேலை. சிலதை ஏற்று, சிலதை மறுத்து, இரண்டுக்கும் காரணம் சொல்ல முடிகிறது என்றால் அதைவிட வளர்ச்சிக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? உங்கள் பயத்தை, தன்னம்பிக்கையை, இந்தப் பாடம் வாழ்க்கையை மாற்றியதையெல்லாம் விட்டுவிடுங்கள். லெக்சரருக்கு நன்றி சொல்லும் பத்தியும் வேண்டாம். நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

நேரில் என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் ஒரு முறையாவது போனீர்களா என்று கடிதத்தில் இல்லை. நம் பிள்ளைகள் பெரும்பாலும் போவதில்லை, திட்டு வாங்கத்தான் கூப்பிடுவார்கள் என்று பள்ளியில் பழகிவிட்டது. தாள் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பத்தியோடு போங்கள். முழுக் கட்டுரையையும் நீட்டினால் அவருக்கும் பொறுமை இருக்காது. “இந்த இடத்தில் என் வாதம் உங்களுக்குப் புரிகிறதா?” என்று கேளுங்கள். “இது நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில்தான் வரும்.

விருப்பப் பாடத்தைப் பொறுத்தவரை, பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சீனியர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நடத்துபவர் முதல் டிராஃப்டைப் படித்துக் குறிப்பெழுதித் திருப்பித் தருவாரா, இல்லை செமஸ்டர் கடைசியில் மதிப்பெண் மட்டும் போடுவாரா? திருப்பித் தருபவரிடம் சேருங்கள், அது அறிக்கை எழுதும் பாடமாக இருந்தாலும் சரி. இருவருமே தருவார்கள் என்றால் என் ஓட்டு படைப்பெழுத்துக்கு. அறிக்கையின் அச்சை எந்த அலுவலகத்திலும் சேர்ந்த கொஞ்ச நாளில் பிடித்துக்கொள்ளலாம். ஆலை வாசலில் உட்கார்ந்த ஒருவரை ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டியவருக்கு, அந்தக் கையை இன்னும் பழக்க ஒரு செமஸ்டர் கிடைக்கிறது என்றால் விடக் கூடாது. அந்த வகுப்புகளில் இடம் குறைவாக இருக்கும், பதிவு திறக்கும் அன்றைக்கே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.